சிறகுள்ள பங்காளி

போக்கிமான் விளையாடும் பிள்ளை வீட்டில் இருந்தால், பேகானைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அப்புறம் அரை மணி நேரத்துக்கு உங்களை விடாது. பேகான் ஒரு குட்டி டிராகன். நீல உடம்பு, தலையில் கெட்டியான சாம்பல் நிற ஓடு, உயரம் 60 சென்டிமீட்டர், எடை 42.1 கிலோ. 2002-இல் ஜப்பானில் வெளியான ரூபி, சஃபயர் ஆட்டங்களில் அறிமுகமானது. அதற்கு வாழ்க்கையில் ஒரே ஆசை, பறக்க வேண்டும். சிறகோ கிடையாது. ஆனாலும் தினமும் பாறை உச்சியில் ஏறிக் குதிக்கிறது, விழுகிறது, மறுநாள் மறுபடி ஏறுகிறது. ஆட்டத்தில் 30-ஆம் நிலையை எட்டியதும் கெட்டியான ஓட்டுக்குள் முடங்கி ஷெல்கான் ஆகிறது. 50-ஆம் நிலையில் ஓடு உடைந்து, பெரிய சிவப்புச் சிறகுகளோடு சாலமென்ஸ் ஆகிப் பறந்துபோகிறது. விடாமல் ஆசைப்பட்டதால் செல்கள் மாறிச் சிறகு வந்துவிட்டது என்பது ஆட்டம் தரும் விளக்கம்.

கதையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே பிள்ளை வேலியில் உட்கார்ந்திருக்கும் ஓணானைக் காட்டி, “இதுவும்தான் தெனம் குதிக்குது, இதுக்கு ஏன் றெக்கை மொளைக்கல?” என்று கேட்டால் என்ன சொல்வது?

தருமபுரி மாவட்டம் கடத்தூர்ப் பக்கம் இந்தக் கேள்வி எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அங்கே ஓணானுக்குப் பஞ்சமே இல்லை. வெற்றிலைக் கொடி படரட்டும் என்று கொடிக்காலில் நட்ட அகத்தியில் ஒன்று, தென்னந்தோப்பு வேலியில் ஒன்று, மரவள்ளிக் காட்டு வரப்புக் கல்லில் ஒன்று என்று கழுத்தைத் தூக்கித் தண்டால் எடுத்துக்கொண்டிருக்கும். தொண்டை சிவந்தால் நம் ரத்தத்தை உறிஞ்சுகிறது என்று சொல்லிக் கல்லெடுத்து அடிக்கும் பழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. (அந்தச் சிவப்பு, இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணான் பெண்ணுக்கும் போட்டிக்கு வரும் ஆணுக்கும் காட்டும் கோலம். நம் ரத்தம் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது.) அது கிளைக்குக் கிளை தாவும். தப்பிக்க வேண்டுமென்றால் மரத்திலிருந்து தொப்பென்று குதிக்கவும் செய்யும். ஆனாலும் அகத்தியிலிருந்து குதித்த ஓணான் எதுவும் பறந்துபோனதாக வரலாறு இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஓணானின் பங்காளி ஒன்றுக்கு நிஜமாகவே சிறகு இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இன்றைக்கும் மரத்துக்கு மரம் போய்க்கொண்டிருக்கிறது. விலங்கியலார் அந்தப் பேரினத்துக்கு வைத்த பெயரே டிராக்கோ. லத்தீனில் டிராகன். இது ஆசைப்பட்டு வாங்கிய சிறகு இல்லை. எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதற்கு முன்னால், ஆசையின் கணக்கை முடித்துவிடுவோம்.

முயற்சி செய்தால் உடம்பு மாறும், அந்த மாற்றம் பிள்ளைகளுக்கும் போகும் என்று நம்பியது போக்கிமான் ஆட்டக்காரர்கள் மட்டுமல்ல. பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க் 1809-இல் கிட்டத்தட்ட இதையே ஒரு கொள்கையாக எழுதினார். உயரத்திலிருக்கும் இலைக்காகக் கழுத்தை நீட்டி நீட்டி ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து நீண்டது என்ற கதை அவருடையதுதான். அவர் வெறும் ஆசையைச் சொல்லவில்லை, பழக்கத்தையும் பயன்பாட்டையும் சொன்னார். ‘ஆசை’ என்று சுருக்கியது பின்னால் வந்து கேலி செய்தவர்கள். 1880-களில் ஜெர்மனியின் ஆகஸ்ட் வைஸ்மன் இதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று எலிகளின் வாலை வெட்டினார். ஐந்து தலைமுறையாக வெட்டினார். பிறந்த 901 குட்டிகளில் ஒன்றுகூட மொட்டையாகப் பிறக்கவில்லை. இந்தச் சோதனைக்கு எலியும் கத்தியும் தேவையே இல்லை என்று நமக்குத் தோன்றும். தலைமுறை தலைமுறையாகக் காது குத்திக்கொண்டிருக்கிறோம். பாம்படம் போட்டுத் தோள்வரை காது வளர்த்த பாட்டிகளின் பேத்திகளுக்கும் முழுக் காதுதான். ஒவ்வொரு குழந்தைக்கும் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துப் புதிதாகத்தான் குத்தவேண்டியிருக்கிறது.

போக்கிமான் உலகில் ஒரே உயிர் தன் ஆயுளுக்குள் இன்னொன்றாக மாறுகிறது. அது உருமாற்றம். தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு மூட்டை மூட்டையாக வரும் கூடுகளுக்குள் நடந்துகொண்டிருப்பதும் அதுவேதான்: புழு கூட்டுப்புழுவாகி, விட்டால் அந்துப்பூச்சியாகிச் சிறகோடு வெளியே வரும். இந்த ஆட்டத்தை உருவாக்கிய சதோஷி தஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர் என்பதால், அவருடைய உயிர்கள் பூச்சிகளின் வழியில் மாறுவதில் நியாயம் இருக்கிறது. பரிணாமம் வேறு. அதில் எந்த ஓணானும் மாறுவதில்லை. ஒரே ஈட்டு முட்டைகளில் பொரித்த குஞ்சுகள் ஒன்றுபோல ஒன்று இருக்காது. ஒன்றுக்கு விலா கொஞ்சம் அகலம், ஒன்றுக்குத் தோல் கொஞ்சம் தொளதொளப்பு. அந்த வேறுபாடு பிழைப்புக்கு உதவினால் அந்தக் குஞ்சு வளர்ந்து முட்டையிடும், இல்லையென்றால் வல்லூறுக்கு இரையாகும். பத்தாயிரம் தலைமுறை கழித்துப் பார்த்தால் கூட்டத்தின் உருவமே வேறாகியிருக்கும். இதைத்தான் டார்வின் இயற்கைத் தேர்வு என்றார். இதில் ஆசைக்கு இடமில்லை, வேறுபாட்டுக்கும் சாவுக்கும் மட்டுமே இடம். கொஞ்சம் ஈவிரக்கமில்லாத ஏற்பாடு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது சிறகுக்கு வருவோம். டிராகனை வரையும் எல்லாரும், பேகான் வளர்ந்து சாலமென்ஸ் ஆகும் இடத்திலும், ஒரு பெரிய சிக்கலைக் கண்டும் காணாமல் தாண்டிவிடுகிறார்கள். நான்கு கால், அதற்கு மேல் முதுகில் இரண்டு சிறகு. ஆக ஆறு. நம் கோயில் கருடாழ்வாரிடமும் அதே கணக்குத்தான்: நிற்க இரண்டு கால், கும்பிட இரண்டு கை, பறக்க இரண்டு சிறகு. முதுகெலும்புள்ள விலங்கு எதற்கும் ஆறு கிடையாது. மீன்களின் முன்துடுப்பு ஒரு ஜோடி, பின்துடுப்பு ஒரு ஜோடி. அந்த இரண்டு ஜோடிதான் கரையேறிய பிறகு தவளைக்கும் ஓணானுக்கும் மாட்டுக்கும் மனிதனுக்கும் கை காலாயின. பாம்பு அதையும் இழந்தது. இழந்தவை உண்டே தவிர, மூன்றாவது ஜோடியைப் புதிதாக வாங்கியது எதுவுமில்லை.

அதனால் பறக்க நினைத்த ஒவ்வொன்றும் கையை விலையாகக் கொடுத்தது. பறவையின் சிறகுக்குள் இருப்பது கை எலும்பு. கோழிக்கறி தின்றவர்களுக்கு விளக்க வேண்டாம், தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் தட்டில் தெரியும். வௌவால் நான்கு விரல்களைக் கம்பி போல நீட்டி அவற்றுக்கிடையே தோலைக் கட்டியது. டைனோசர்கள் காலத்தில் பறந்த டெரோசார்கள் நான்காம் விரல் ஒன்றை மட்டும் மிக நீளமாக்கி அதில் சவ்வைத் தொங்கவிட்டன. உள்ளே எந்த எலும்பு இருக்கிறது என்று பார்த்தே எது எங்கிருந்து வந்தது என்று உயிரியலார் சொல்லிவிடுகிறார்கள். தோற்றம் எப்படி மாறினாலும் எலும்புகளின் வரிசை மாறுவதில்லை. ஒரே மூதாதையிடமிருந்து வந்த இந்த உறுப்புகளை அமைப்பொத்த உறுப்புகள் என்பார்கள்.

டிராக்கோவின் சிறகை இந்தக் கண்ணோடு பார்த்தால் திகைப்புத்தான். கை இருக்கிறது, ஐந்து விரலோடு. கால் இருக்கிறது. சிறகும் தனியாக இருக்கிறது. கதைகளில் வரும் டிராகனைப் போல நான்கு காலும் இரண்டு சிறகும் உள்ள ஒரே நில விலங்கு இன்று இதுதான். உள்ளே இருக்கும் எலும்பைப் பார்த்தால்தான் சூட்சுமம் விளங்கும்: விலா எலும்பு.

நம் விலா எலும்புகள் முதுகெலும்பில் தொடங்கி வளைந்து வந்து, பெரும்பாலானவை முன்னால் மார்பெலும்போடு சேர்ந்துகொள்ளும். நெஞ்சுக்குக் கூண்டு கட்டுவதும் மூச்சுக்கு இடம் கொடுப்பதும் அவற்றின் வேலை. டிராக்கோவுக்கும் முன்பக்க விலாக்கள் இப்படித்தான். அதற்குப் பின்னால் வரும் ஐந்து முதல் ஏழு ஜோடிகள் மட்டும் (இனத்துக்கு இனம் எண்ணிக்கை மாறும்) மார்பெலும்பை நோக்கி வளையாமல், பக்கவாட்டில் நேராக நீண்டு, உடம்பின் சுவரைத் தாண்டித் தோல் மடிப்புக்குள் போகின்றன. ஓய்வாக இருக்கும்போது அவை பின்னோக்கிச் சாய்ந்து உடம்போடு ஒட்டிக்கிடக்கும். அப்போது பார்த்தால் சாதாரண ஒல்லி ஓணான்தான். திருவிழாக் கடைகளில் விற்கும் மடக்கு விசிறியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் குச்சியை இழுத்தால் போதும், துணி இழுக்க இழுக்க மற்றக் குச்சிகள் தாமாகப் பின்னால் வரும். டிராக்கோவிலும் தசை நேரடியாக இழுப்பது முன்னாலுள்ள நீண்ட விலாக்களைத்தான். ஒன்றோடொன்று தசைநாரால் கட்டுண்ட மற்ற விலாக்கள் அந்த இழுப்பில் வரிசையாக விரிகின்றன. அமெரிக்கப் புதைபடிவ அறிஞர் எட்வின் கோல்பர்ட் 1967-இல் இந்தத் தசைகளையும் எலும்புகளையும் விரிவாக விளக்கி எழுதினார். இந்த அமைப்பை விலாச் சிறகு என்று சொல்லலாம்.

சிறகு என்று சொல்வதால் குழப்பம் வேண்டாம், டிராக்கோ சிறகடிப்பதில்லை. காகம் மாதிரி தரையிலிருந்து எழும்பாது. உயரத்திலிருந்து குதிக்கும், முதலில் செங்குத்தாக விழும், வேகம் ஏறியதும் விரிந்த தோலின் மேல் காற்று ஓடி மேல்நோக்கிய விசை பிறக்கும், விழுதல் சாய்வான சறுக்கலாக மாறும். இறங்குமிடத்துக்கு அருகில் உடம்பை மேல்நோக்கி நிமிர்த்தும், வேகம் குறையும், மரத்தண்டில் நான்கு காலாலும் ஒட்டிக்கொள்ளும். இது சறுக்குப் பறப்பு. புறப்பட்ட உயரத்தைவிடத் தாழ்வாகத்தான் எப்போதும் இறங்க முடியும். அறுபது மீட்டர் தூரம்வரை போனதாகக் குறிப்புகள் உண்டு, அன்றாடப் பயணம் அதைவிட மிகக் குறைவு. விரலளவு உடம்பும் நீண்ட வாலுமாகச் சேர்ந்து ஒரு சாண் நீளமே இருக்கும் பிராணிக்கு அதுவே பெரிது.

ஒரு கேள்வி மட்டும் நெடுங்காலம் மிச்சமிருந்தது. ஸ்வீடனின் லின்னேயஸ் 1758-இலேயே பறக்கும் டிராகன் என்று பெயர் சூட்டிவிட்டார். அதற்குப் பிறகு அருங்காட்சியகங்களில் நூற்றுக்கணக்கான மாதிரிகள் சேர்ந்தன. அவற்றின் சிறகை விரித்து ஊசி குத்தி, கையைத் தனியே நீட்டிவைத்திருப்பார்கள். படம் வரைந்தவர்களும் அதைப் பார்த்தே வரைந்தார்கள். ஆனால் விலாக்களால் விரிக்கவும் மடக்கவும்தான் முடியும். காற்றில் போகும்போது இடப்பக்கம் திரும்ப வேண்டும், ஒரு கிளையைத் தவிர்க்க வேண்டும் என்றால் எதை வைத்துத் திருப்புகிறது?

விடை கிடைத்தது கர்நாடகத்தின் அகும்பேயில். ஜெர்மனியின் கோப்லென்ஸ்–லாண்டாவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாக்சிமிலியன் டேலிங் அங்கே கைவிடப்பட்ட ஒரு பாக்குத் தோப்பில் டிராக்கோ டுசுமியரியைக் கவனித்தார். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பறக்கும் ஓணான் அதுதான். பிரெஞ்சுக் கப்பல் வணிகரும் உயிரினச் சேகரிப்பாளருமான டுசுமியேயின் பெயரில் 1837-இல் விவரிக்கப்பட்ட இனம். சோதனைக்கூடம் இல்லை, கயிறு கட்டவில்லை. பாக்கு மரத்திலிருந்து பாக்கு மரத்துக்கு அவை தம்போக்கில் போவதைத் தொடர் படங்களாக எடுத்தார். படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது யாரும் எழுதாத ஒன்று தெரிந்தது. குதித்த சில கணங்களில் ஓணான் கையைப் பின்னால் கொண்டுபோய், விரியும் சிறகின் முன்விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. பறப்பு முழுக்கப் பிடியை விடுவதில்லை. கையை அசைத்தால் சிறகின் விளிம்பு அசையும், உடம்பு திரும்பும். மரத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னால் பிடியை விட்டு, விடுபட்ட கையால் தண்டைப் பற்றுகிறது. 2017-இல் பிளோஸ் ஒன் இதழில் இது வெளியானது. கையும் விலாவும் சேர்ந்த கூட்டுச் சிறகு வேறு எந்த விலங்கிடமும் அதுவரை விவரிக்கப்பட்டதில்லை.

எனக்கு இந்தக் கண்டுபிடிப்பில் பிடித்தது அதன் எளிமை. 250 ஆண்டுகளுக்கு மேலாகப் பெட்டியில் செத்துக்கிடந்த நூற்றுக்கணக்கான மாதிரிகள் சொல்லாததை, தோப்பில் உயிரோடு தாவிய ஒன்று சொல்லிவிட்டது. செத்த உடம்பு அமைப்பைக் காட்டும். பயன்பாட்டைக் காட்ட உயிர் வேண்டும்.

இனி எடைக்கணக்கு. பேகானுக்கு டிராக்கோவின் விலாச் சிறகைப் பொருத்தினால் போதுமா? போதாது, ஏன் போதாது என்பதும் அளந்து தெரிந்த சங்கதி. அமெரிக்க ஆய்வாளர்கள் ஜிம்மி மக்குவயரும் ராபர்ட் டட்லியும் தென்கிழக்கு ஆசியாவில் 29 டிராக்கோ இனங்களைப் பிடித்து, எல்லாவற்றையும் ஒரே பரீட்சைக்கு உட்படுத்தினார்கள். உயரமான கம்பம் ஒன்று, எதிரே தள்ளிக் குட்டையான கம்பம் ஒன்று. மேலிருந்து விட்டால் ஓணான் எதிர்க் கம்பத்துக்குப் போகும். எவ்வளவு தாழ்ந்தது, எவ்வளவு வேகத்தில் போனது என்று பதிவு செய்தார்கள். 2005-இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. சின்ன இனங்கள் நன்றாகச் சறுக்கின, பெரிய இனங்கள் அதிக உயரத்தை இழந்தன.

காரணம் வடிவக்கணக்கு. ஒரு விலங்கை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்கினால் சிறகின் பரப்பு நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்காகும். நான்கு மடங்கு சிறகு எட்டு மடங்கு எடையைச் சுமக்க வேண்டும். சிறகின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் தாங்கும் எடையைச் சிறகுச் சுமை என்று வைத்துக்கொண்டால், அது இரட்டிப்பாகிவிடுகிறது. சுமை கூடினால் வேகமாக விழ வேண்டும், வேகமாகத் தரையைத் தொட வேண்டும். 10 சென்டிமீட்டர் உடம்பும் 10 கிராம் எடையும் உள்ள ஒரு பறக்கும் ஓணானைக் கணக்குக்காக எடுத்துக்கொண்டு, பேகான் அளவுக்கு, அதாவது 60 சென்டிமீட்டருக்கு, அப்படியே பெரிதாக்கினால் எடை சுமார் 2.2 கிலோ ஆகும், சிறகுச் சுமை ஆறு மடங்காகும். பேகானின் எடையோ 42.1 கிலோ. அதையும் சேர்த்துப் பார்த்தால் சுமை நூறு மடங்கைத் தாண்டிவிடும். அது மலை உச்சியிலிருந்து குதித்தால் நடப்பதை ஆட்டத்தின் கதாசிரியர்கள் சரியாகவே எழுதியிருக்கிறார்கள். தலை கெட்டியாக இருப்பது நல்லதுதான்.

விலா எலும்பு ஒரே நாளில் வெளியே நீண்டிருக்காது. பாதி நீண்ட விலாவால் என்ன பயன் என்று பரிணாமத்தை மறுப்பவர்கள் கேட்பார்கள், கேட்க வேண்டிய கேள்வியும்கூட. பதில் தேட வெகுதூரம் போக வேண்டாம். வேலி ஓணானே எதிரியைக் கண்டால் விலாக்களை அசைத்து உடம்பைத் தட்டையாக்கித் தன்னைப் பெரிதாகக் காட்டும். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஆஸ்திரேலியாவின் தாடி டிராகன் வெயில் காயும்போது விலாக்களை அகட்டி உடம்பைத் தட்டையாகப் பரப்பிக்கொள்ளும், சூடு சீக்கிரம் ஏறும். அசையும் விலா இந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே இருந்த சொத்து. மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே பறக்கும் பாம்பு ஒன்று இருக்கிறது. சிறகே கிடையாது. குதிக்கும்போது விலாக்களை விரித்து உடம்பை நாடா போலத் தட்டையாக்கி, காற்றில் நெளிந்து நெளிந்து சறுக்குகிறது. பாதிச் சிறகுகூட இல்லை, வெறும் தட்டை உடம்பு, அதுவே போதுமாக இருக்கிறது. விழும் வேகம் துளி குறைந்தாலும் எலும்பு முறியாது, தரையிலிருக்கும் கீரிக்கு எட்டாத மரத்தில் போய் ஒட்டலாம். ஒவ்வொரு துளியும் லாபம்.

அதே காடுகளில் மலபார் பறக்கும் தவளை விரலிடைச் சவ்வால் சறுக்குகிறது. பறக்கும் அணில் முன்காலையும் பின்காலையும் இணைக்கும் தோலால் சறுக்குகிறது. ஒரே சிக்கலுக்கு ஆளுக்கொரு தீர்வு, அவரவர் கையிலிருந்த பொருளை வைத்து. விலாவை வைத்துச் செய்வதும் டிராக்கோவின் தனிக் கண்டுபிடிப்பு இல்லை. 1960-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரு கல் குவாரியில் ஆல்ஃப்ரெட் சீஃப்கர் என்ற பள்ளிப் பையன் பாறையில் பதிந்த ஒரு சிறு எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தான். இரு பக்கமும் நீண்ட விலாக்கள். 1966-இல் மேலே சொன்ன அதே கோல்பர்ட் அதற்கு இக்காரோசாரஸ் சீஃப்கரி என்று பெயர் வைத்தார். இருபது கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய அந்த ஊர்வன டிராக்கோவின் முப்பாட்டன் அல்ல, உறவே வேறு. (அந்தப் பையன் பெரியவனாகி மாதிரியைத் திரும்ப வாங்கி 2000-இல் ஏலத்தில் விட்டதும், வாங்கியவர் அதை அருங்காட்சியகத்துக்கே கொடுத்ததும் தனிக்கதை.) 2007-இல் சீனாவிலிருந்து ஷியாங்லாங் என்ற இன்னொரு விலாச் சிறகுப் பல்லி விவரிக்கப்பட்டது, அது டைனோசர் காலத்தது. தொடர்பில்லாத வம்சங்கள் ஒரே உருவத்துக்கு வந்து சேர்வதை ஒருங்கு பரிணாமம் என்பார்கள். டிராக்கோவின் சொந்த வம்சத்தில் பாதிச் சிறகோடு ஒரு புதைபடிவம் இன்னும் கிடைக்கவில்லை. சின்ன எலும்பும் ஈரக் காடும் புதைபடிவத்துக்கு ஆகாதவை.

அப்படியானால் கடத்தூரில் டிராக்கோ ஏன் இல்லை? உறவு தூரமில்லை. ஓணானும் டிராக்கோவும் அகாமிடே குடும்பத்தில் ஒரே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை, அந்தத் துணைக்குடும்பத்தின் பெயர் டிராக்கோனினே. கடத்தூர் வேலியில் உட்கார்ந்திருப்பதும் பெயரளவில் டிராகன் வீட்டுப் பிள்ளைதான். காரணம் மரமும் மழையும். அகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டர் அளவில் மழை கொட்டும். தருமபுரி மாவட்டத்தில் 1,000-ஐ எட்டாது. புளியும் வேம்பும் பனையும் அங்கங்கே தள்ளித் தள்ளி நிற்கும் ஊரில், குதித்தவன் அடுத்த மரத்தை எட்டுவதற்குள் தரைக்கு வந்துவிடுவான். ஒவ்வொரு சறுக்கலிலும் உயரம் போகும், மறுபடி தண்டில் ஏறித்தான் அதைச் சம்பாதிக்க வேண்டும். உயரமாகவும் நேராகவும் நெருக்கமாகவும் தண்டுகள் நின்றால்தான் கட்டுப்படியாகும். பாக்குத் தோப்பு அதற்கென்றே நட்டுவைத்தது போல இருப்பதால், மனிதன் வைத்த தோப்பிலும் அது குடியேறிவிட்டது. தண்டில் ஏறும் எறும்புகள்தான் முக்கிய உணவு. வரிசை வரும் இடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நக்கி எடுத்துக்கொண்டிருக்கும்.

தென்கிழக்கு ஆசியாவில் ஏறக்குறைய நாற்பது டிராக்கோ இனங்கள். நம் வடகிழக்கிலும் உண்டு. அப்புறம் நடுவே முழு இந்தியாவையும் தாண்டி மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒன்றே ஒன்று. இலங்கையில் கிடையாது. வறண்ட தக்காணத்தின் குறுக்கே காலால் நடந்து வந்திருக்காது. மீனியல் அறிஞர் சுந்தர் லால் ஹோரா, இப்படித் துண்டுபட்டு வாழும் உயிர்களைப் பார்த்து, ஒரு காலத்தில் ஈரமான காடு விந்திய–சாத்பூரா மலைகள் வழியாகத் தொடர்ந்து இருந்திருக்கும் என்று 1940-களில் வாதிட்டார். அவர் முதன்மையாகக் காட்டிய சாட்சி மலையோடை மீன்கள். காடு அற்றுப்போனதும் இரு பக்கமும் தனித்தனியாக நின்றுவிட்டன என்பது வாதம். கிழக்குத் தொடர்ச்சி மலை வழியாக வந்திருக்கலாம் என்பவர்களும் உண்டு. அப்படியென்றால் சேர்வராயன் மலையும் சித்தேரி மலையும் பாதையோரத்தில் வரும், கடத்தூர்க்காரர்களுக்கு அந்தக் கட்சி பிடிக்கும். சாத்பூராவா கிழக்கு மலையா என்பது இன்னும் தீராத வழக்கு, இப்போது டிஎன்ஏ ஒப்பீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சிறகுக்குப் பறப்பது தவிர வேறு வேலைகளும் உண்டு. ஆண்கள் எல்லைத் தகராறில் மஞ்சள் தாடிச் சவ்வை நீட்டுவதோடு சிறகையும் விரித்துக் காட்டும். போர்னியோவில் ஒரு டிராக்கோ இனத்தின் இரண்டு கூட்டங்களை ஆஸ்திரேலிய ஆய்வாளர் டேனியல் கிளாம்ப் குழுவினர் ஒப்பிட்டு 2014-இல் எழுதினார்கள். அலையாத்திக் காட்டில் வாழும் கூட்டத்தின் சிறகு அங்கே உதிரும் சிவப்பிலையின் நிறத்தில், மழைக்காட்டில் வாழும் கூட்டத்தின் சிறகு அங்கே உதிரும் இலைகளின் பழுப்பும் பச்சையுமாக இருந்தது. சறுக்கும்போது பறவை பார்த்தால் உதிரும் இலை என்று விட்டுவிடும் என்பது அவர்கள் கருத்து. இத்தனை வித்தை இருந்தும் பெண் ஒரு காரியத்துக்குத் தரையிறங்கியே ஆக வேண்டும். மூக்கால் மண்ணைத் தோண்டிச் சில முட்டைகளை இட்டு மூடிவிட்டு மரமேறும்.

தமிழ்நாட்டில் பார்க்க வேண்டுமென்றால் ஆனைமலை டாப்சிலிப் பக்கமும் களக்காடு முண்டந்துறைக் காடுகளும் நல்ல இடங்கள். வெயில் ஏறும் காலை நேரத்தில் தண்டில் கண் மட்டத்துக்கு மேலே தேடுங்கள். பட்டை நிறத்திலேயே இருப்பதால் ஆண் தாடியை நீட்டினால்தான் இருப்பது தெரியும், எலுமிச்சை மஞ்சள் பளிச்சென்று வந்து மறையும். அது குதிக்கத் தயாராகும்போது அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் பிடிபடாது, அவ்வளவு வேகம். எதிர் மரத்தின் தண்டில், பத்துப் பதினைந்து அடி தாழ்வாகக் கண்ணை வைத்துக்கொண்டு நில்லுங்கள்.